எந்தப் பக்கம் செருகினாலும்

மார்ச் 3, செவ்வாய்

துணி மடித்துக்கொண்டிருந்தபோது இவர் குரல் பாதியில் நின்றது. "அந்த நீலச் சட்டை" என்றது டேப்லெட். அப்புறம் சத்தமே இல்லை. நீலச் சட்டைக்கு என்ன? உள்ளே வைக்கவா, வெளியே எடுக்கவா, தூக்கிப் போடவா? திரும்பிப் பார்த்தால் கம்பியின் விளக்கு அணைந்திருந்தது. திரைக்கு அடியில் ஒட்டியிருக்கும் அந்த ஒரு சாண் கம்பி, இவர் கண் எந்த எழுத்தில் நிற்கிறது என்று பார்த்துச் சொன்னால்தான் எழுத்து விழும். எழுத்து விழுந்தால்தான் குரல்.

ஒயரைப் பிடுங்கித் திரும்பச் செருகினேன். விளக்கு வந்தது. இவர் மெதுவாக எழுதினார். "நீலச் சட்டை உனக்கு எடுப்பா இருக்குன்னு சொல்ல வந்தேன். இப்ப சுவாரஸ்யம் போச்சு."

சிரித்தேன். ஆனாலும் உள்ளுக்குள் சுருக்கென்றது. முதலில் கை போனது, பிறகு கால், போன வருடம் நாக்கு. எல்லாம் இப்படித்தான், ஒரு சின்னத் தடங்கலில் ஆரம்பிக்கும்.

பன்னிரண்டாம் தேதி நுரையீரல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கழுத்தில் துளை போட்டு மூச்சு இயந்திரம் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று அன்றைக்குச் சொல்லியாக வேண்டும். "வீட்ல பேசி முடிவு பண்ணுங்க. ஆனா சொல்ல வேண்டியது அவர்தான், நீங்க இல்ல" என்று அந்த அம்மாள் போன முறையே சொல்லிவிட்டார். இவர் இன்னும் என்னிடம் வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வாய் திறக்கவில்லையாம். என்ன எழுதுகிறேன் பார்.

மார்ச் 4, புதன்

இன்று பல தடவை போய்ப் போய் வந்தது. பேச்சுப் பயிற்சியாளருக்குப் போன் போட்டேன். இந்தக் கருவியைக் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தவர் அவர்தான். நிதானமான மனிதர். அவருடைய நிதானம் சில நாள் எனக்கு எரிச்சல்.

"ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்திப் பாருங்க. எல்லாத்தையும் சேர்த்துக் கழட்டினா எது திருடன்னு தெரியாமப் போயிடும்" என்றார்.

முதலில் ஒயரை மாற்றினேன். என் போன் சார்ஜரின் ஒயரும் அதே டைப்-சிதான், இரண்டு முனையும் அதே முட்டை வடிவம். கம்பியின் விளக்கு உடனே எரிந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டால், டேப்லெட் கம்பி இருப்பதையே கண்டுகொள்ளவில்லை. மறுபடி போன்.

"அது வெறும் சார்ஜ் ஒயரா இருக்கும். வெளியில ஒரே மூஞ்சி, உள்ள வேற வேற. சிலதுல கரண்ட் மட்டும் போகும், தகவல் போக ஒயரே வச்சிருக்க மாட்டாங்க."

அதனால்தான் விளக்கு எரிந்தும் பயனில்லை. சாப்பாடு போகிறது, பேச்சு போகவில்லை. இந்த வீட்டில் அது புதிதா?

கடனாகத் தர அவரிடம் இருப்பது ஒரே ஒரு டேப்லெட். அது இன்னொரு நோயாளியிடம் இருக்கிறதாம். கம்பியின் செயலியோ இந்த டேப்லெட்டோடு பூட்டப்பட்டது. வேறொன்றுக்கு மாற்ற அனுமதி எண் கேட்டு எழுதியிருக்கிறார், வரத் தாமதமாகும். பன்னிரண்டுக்குள் வராது என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட விதத்திலேயே புரிந்தது.

மார்ச் 5, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன். அல்லது பாதி.

கம்பியின் சொந்த ஒயரை என் போனில் செருகினேன். நிமிர்த்திப் போட்டாலும் புரட்டிப் போட்டாலும் போன் "புதிய சாதனம்" என்று சொன்னது. ஆக, ஒயரும் நல்லது, கம்பியும் நல்லது. அதையே டேப்லெட்டில் செருகினால் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்கிறது. புரட்டினால் விளக்கு எரிகிறது, பேச்சு இல்லை. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் செருகலாம் என்பதுதானே இந்த முனையின் பெருமையே! பழைய முனைகளை மூன்று தடவை திருப்பித் திருப்பிக் குத்திக்கொண்டிருந்த காலம் போய்விட்டது என்று நினைத்தேன்.

வேலை செய்யும் பக்கத்தில் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்தேன். பொட்டு மேலே இருக்க வேண்டும்.

இவருக்கு விளக்கிச் சொன்னேன். "டேப்லெட் போர்ட்லதாங்க கோளாறு. ஒரு பக்கம்தான் வேலை செய்யுது." கண்ணை உருட்டி எழுத ஆரம்பித்தார். இருபது வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். "நான் வேலை பார்த்த போர்ட்லயும் அப்படித்தான். ஒரு பக்கம் வேலை செய்யும். மறுபக்கம் டீ குடிக்கும்."

இதை எழுத எவ்வளவு நேரம் பிடித்தது! நானும் அவசரப்படுத்தாமல் நின்றேன். அவருடைய சொந்தக் குரலில் கேட்டது. நாக்கு இருந்தபோதே பதிந்து வைத்த குரல். மூச்சை இழுத்து "டீ" என்று சொல்லும்போது கொஞ்சம் கரகரக்கும், அது அப்படியே இருக்கிறது.

அப்போதே கேட்டிருக்கலாம். கழுத்துத் துளையைப் பற்றி. குரல் இருந்தது, நேரம் இருந்தது, சிரித்த முகமாக இருந்தார். சிரிப்பைக் கெடுக்க வேண்டாம் என்று சமையலறைக்குப் போனேன்.

மார்ச் 6, வெள்ளி

பல் மருத்துவமனையிலிருந்து என் கண்ணில் மாட்டும் பெரிதாக்கியைக் கேட்டு வாங்கிவந்தேன். விடுப்பில் இருக்கும் உதவியாளர் கேட்கிறாளே என்று டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. "யார் பல்லைப் பார்க்கப் போற?" என்று மட்டும் கேட்டார். "டேப்லெட் பல்லை" என்றேன்.

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு டேப்லெட் போர்ட்டின் துளைக்குள் விளக்கடித்துப் பார்த்தேன். நடுவில் மெல்லிய நாக்கு. மேலும் கீழும் மயிரிழை மயிரிழையாகப் பொன்னிறக் கோடுகள். ஒயருக்குள் தகவல் போகும் இழை ஒரு பக்கத்தில்தான் இருக்கும். நிமிர்த்திச் செருகினால் அது நாக்கின் மேல்பக்கக் கோட்டைத் தொடும், புரட்டினால் கீழ்ப்பக்கக் கோட்டை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கோடு வைத்திருப்பதால்தான் எப்படியும் செருகலாம். இங்கே மேல்பக்கம் பளபளவென்று இருக்கிறது. கீழ்ப்பக்கத்தில் பச்சை பூத்திருக்கிறது.

எப்படி வந்தது என்று தெரியும். வயிற்றுக் குழாயில் ஊற்றும் உணவு ஒரு தடவை என் கைதவறித் தெறித்தது. துடைத்தேன், வெளியில் மட்டும். உள்ளே போனது கரண்டோடு சேர்ந்து அரித்திருக்கிறது.

பல்குச்சியை இன்னும் மெலிதாகச் சீவி, ஸ்பிரிட் தொட்டு, கோடு கோடாகச் சுரண்டினேன். உலோகம் எதையும் உள்ளே விடவில்லை. காயவிட்டுச் செருகினேன். இரண்டு பக்கமும் வேலை செய்தது! இவர் "டாக்டரம்மா" என்று எழுதினார்.

மதியம் வரைதான். மறுபடி பெரிதாக்கியை மாட்டிப் பார்த்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. நாக்கே ஆடுகிறது. அடியில் விரிசல். டேப்லெட் மாட்டியிருக்கும் ஸ்டாண்டைப் படுக்கையைச் சுற்றித் திருப்பும்போதெல்லாம் ஒயர் இழுத்து இழுத்து நெம்பியிருக்கிறது.

ஆடும் பல் என்றால் எங்களுக்கு வழி தெரியும். இதற்கு?

மார்ச் 7, சனி

நாத்தனார் வந்துவிட்டார். இவருடைய அக்கா. தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர், இன்றைக்கும் அவன் இவன் என்றுதான் பேசுவார். பன்னிரண்டாம் தேதிக்காக ஊரிலிருந்து வந்திருக்கிறார்.

அவர் முகம் தெரியட்டும் என்று ஸ்டாண்டைத் திருப்பினேன். நான்தான் திருப்பினேன். டக் என்று ஒரு சின்னச் சத்தம். விளக்கு அணைந்தது. பொட்டு மேலே, பொட்டு கீழே, அழுத்தி, தளர்த்தி, ஒயரைப் பிடித்துக்கொண்டு... ஒன்றும் இல்லை. கரண்டும் இல்லை.

"என்னம்மா, பேச மாட்டேங்கறான்?" என்று நாத்தனார் கேட்டார்.

மார்ச் 8, ஞாயிறு

கண்ணை மேலே தூக்கினால் ஆமாம். மூடினால் இல்லை. இதுதான் இப்போது எங்கள் மொழி.

தண்ணி வேணுமா? மேலே. விசிறி போடவா? மூடல். வலிக்குதா? மேலே. எங்கே, காலா? மூடல். முதுகா? மூடல். கழுத்தா, தோளா, இடுப்பா? மூடல், மூடல், மூடல். அவர் கண்ணில் கோபம் ஏறுவது தெரிகிறது, எனக்கும் ஏறுகிறது. கடைசியில் பார்த்தால் காது மடல் தலையணையில் மடங்கிக் கிடக்கிறது. அதை எப்படிக் கேட்டிருப்பேன்?

எழுத்துப் பலகை ஒன்று எழுதினேன். நான் வரிசை வரிசையாகச் சொல்ல வேண்டும், அவர் கண்ணைத் தூக்கி நிறுத்த வேண்டும். நம் எழுத்து கொஞ்சமா நஞ்சமா? க வரிசை, க, கா, கி, கீ என்று போய் "கொ" பிடித்தோம். பிறகு "சு". மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஏதோ பெரிய விஷயம் வரப்போகிறது என்று. அவ்வளவுதான். கொசு. நெற்றியில் ஒன்று உட்கார்ந்திருந்தது.

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும். இவருக்கும் வந்திருக்கும். அதைச் சொல்ல அவருக்கு ஏது வழி?

அதற்குமேல் எழுத்து எழுத்தாகப் போக இவருக்கு முடியவில்லை. இமை தொங்கிப் போகிறது. மூச்சும் முன்பைவிட மேலோட்டமாக இருக்கிறது. எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா?

மார்ச் 9, திங்கள்

கடைத்தெருவில் போன் பழுது பார்க்கும் கடைகள் நிறைய. முதல் கடைக்காரர் பார்த்த மாத்திரத்தில் "புதுசு வாங்கிடுங்க" என்றார். இரண்டாவது கடைக்காரர் ஊசியை எடுத்துக்கொண்டு வந்தார். டேப்லெட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தேன். மாடியில் ஒரு பெண், மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே மூக்கை வைத்துக்கொண்டு வேலை செய்கிறாள். எனக்கு அவள் மேல் நம்பிக்கை வந்ததற்குக் காரணம் ஒன்றுதான். தொடும் முன்னால் "இதுல என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

"என் வீட்டுக்காரர் குரல்" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். பிறகு உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "நாக்கு ஒடிஞ்சிருக்கு. போர்ட்டையே எடுத்துட்டு வேற வைக்கணும். இதே மாடல் செத்தது ஒண்ணு என் கூட்டாளிகிட்ட இருக்கு, அதுல இருந்து எடுக்கலாம். ஆனா சூடு காட்டி எடுக்கற வேலை. பக்கத்துல இருக்கற சின்னச் சின்ன சாமானெல்லாம் அசையாம இருக்கணும். நூத்துக்கு நூறுன்னு சொல்ல மாட்டேன்" என்றாள். "முதல்ல உள்ள இருக்கறதைக் காப்பி எடுத்துட்டு வாங்க. அதுக்கப்புறம்தான் கை வைப்பேன்."

பேட்டரியில் மிச்சம் கொஞ்சம் இருக்கிறது. பயிற்சியாளர் சாயங்காலம் வந்து, ஒயர் இல்லாமலே குரலையும் சொற்களையும் நகல் எடுத்தார். "குரல் பத்திரமா இருக்கு" என்றார். நகல் என்றாலும் அதைப் பேசவைக்க இந்த டேப்லெட் வேண்டும், அல்லது அந்த அனுமதி எண் வேண்டும். அலமாரிக்குள் பத்திரமாக இருக்கும் குரல்.

மார்ச் 10, செவ்வாய்

கேட்டுவிட்டேன். இன்று காலை. நாத்தனார் குளிக்கப் போயிருந்தார். கட்டிலில் உட்கார்ந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "கழுத்துல குழாய் போட்டுக்கலாங்க, என்ன? நான் பார்த்துக்கறேன். போட்டுக்கலாம்தானே?"

கண் மேலே போனது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கையை முத்தமிட்டேன். ஆனால் அவர் பார்வை மாறவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், ஏதோ மிச்சம் இருப்பதுபோல. அப்புறம் கண்ணை மூடினார். தூங்கினாரா? இல்லை என்றாரா?

சாப்பிடும்போது நாத்தனாரிடம் சொன்னேன். அவர் கையைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"அவன் எங்கிட்ட வேற மாதிரி சொன்னானேம்மா. போன மாசம் போன்ல. 'குழாய் வேண்டாம்னு தோணுதுக்கா'ன்னான். அவன் குரல்லயே கேட்டேன்."

"எங்கிட்ட சொல்லலையே."

"நீ கேட்டியா?"

சத்தம் போட்டேன். இன்னைக்கு என்ன சொல்றார்ங்கறதுதான் கணக்கு, போன மாசம் சொன்னது இல்ல. கண்ணால பார்த்தேன் அண்ணி, மேல தூக்கினார். அவரும் விடவில்லை. "போட்டுக்கலாம்தானேன்னு கேட்டா எவன் இல்லைங்கறது? அழுதுகிட்டு வேற கேட்டிருப்ப. அவன் உன் முகத்தைப் பார்த்துச் சொன்னானோ என்னவோ." எழுந்து கை கழுவப் போகும்போது, என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "அந்த போர்ட்டு கெட்டுப் போனது உனக்கு வசதியாப் போச்சு."

ஐயோ. என்ன வார்த்தை அது!

படுக்கையறைக் கதவு திறந்திருந்தது. எல்லாம் கேட்டிருக்கும் அவருக்கு. காதுக்கு ஒன்றும் ஆகவில்லையே.

வசதியா? எனக்கா? ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்ல முடிந்த ஒரு மனிதரிடம் கேள்வி கேட்பவர்தான் பேசுகிறார். அது எனக்கு இந்த மூன்று நாளாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் "தானே" போட்டுக் கேட்டேன்.

அண்ணி சொன்னது பொய் என்று எழுத முடிந்தால் நன்றாக இருக்கும்.

மார்ச் 11, புதன்

டேப்லெட்டைக் கடையில் விட்டேன். நாத்தனாரும் நானும் இவரைத் திருப்பிப் படுக்கவைக்கும்போது மட்டும் பேசிக்கொள்கிறோம். "பிடிங்க." "விடு."

மார்ச் 12, வியாழன்

எங்கிருந்து ஆரம்பிப்பது? மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கிறது.

காலையில் சளி அடைத்தது. உறிஞ்சும் கருவி போட்டும் வரவில்லை. உதடு நிறம் மாறியது. நாத்தனார் தலையைப் பிடித்துக்கொள்ள நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். எந்த மருத்துவரை அமைதியாகப் பார்க்கலாம் என்று நாள் குறித்திருந்தோமோ, அதே அம்மாளிடம் அவசரப் பிரிவில் போய் நின்றோம்.

மூக்கும் வாயும் மூடும் முகமூடி வைத்துக் காற்றை அழுத்தி உள்ளே விட்டார்கள். நிறம் திரும்பியது. மருத்துவர் எங்களை வெளியே அழைத்தார்.

"மாஸ்க் இப்போதைக்குத் தாங்கும். ரொம்ப நேரம் தாங்காது. சாயங்காலத்துக்குள்ள முடிவு தெரியணும். அவர் என்ன சொல்றார்?"

நான் வாயைத் திறந்தேன். நாத்தனார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம், ஒரே வார்த்தை. கண்ணைத் தூக்கினாரே. அது பொய்கூட இல்லை.

"எங்களுக்குத் தெரியல டாக்டர்" என்றேன். "அவர்கிட்டதான் கேக்கணும். கேக்கற மிஷின் ரிப்பேர்ல இருக்கு. போய் எடுத்துட்டு வரேன்."

நாத்தனார் என் தோளிலிருந்து நழுவிய பையை எடுத்து மாட்டிவிட்டார்.

கடைப் பெண் கடையைத் திறந்துகொண்டிருந்தாள். போர்ட் வைத்தாயிற்று, ஒரு முறை சோதித்தாயிற்று, இன்னொரு முறை சோதிக்க வேண்டும் என்றாள். நேரமில்லை என்றேன். முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். அப்போதும் விடாமல், ஒயரை நிமிர்த்தி ஒரு தடவை, புரட்டி ஒரு தடவை செருகிக் காட்டிவிட்டுத்தான் கையில் கொடுத்தாள். "ஓடுங்க."

மருத்துவமனைப் படி ஏறும்போதுதான் உறைத்தது. கம்பி? கம்பியும் அதன் ஒயரும் வீட்டில், ஸ்டாண்டிலேயே மாட்டிக் கிடக்கிறது. கம்பி இல்லாமல் இதை வைத்து என்ன செய்ய? தலையில் அடித்துக்கொண்டேன்.

"நான் போறேன்" என்றார் வாசலில் எனக்காகக் காத்து நின்ற நாத்தனார். செருப்பைக்கூடச் சரியாக மாட்டவில்லை.

காத்திருந்த நேரத்தை எழுத மாட்டேன். முகமூடிக்கு மேலே இவர் கண் மட்டும் தெரிந்தது. ஒன்றும் கேட்கவில்லை நான். "டேப்லெட் வந்தாச்சு. கம்பி வந்துகிட்டு இருக்கு. நீங்களே பேசுங்க" என்று மட்டும் சொன்னேன். கண் மேலே போனது. அந்த ஆமாமில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

நாத்தனார் வந்தார், மூச்சு வாங்க, கையில் ஒரு பெரிய துணிப்பை. கம்பியைச் சரியாகக் கொண்டுவந்திருக்கிறார். ஒயரைக் கழற்றும்போது அது கட்டிலுக்கு அடியில் விழுந்துவிட்டதாம். எது என்று தெரியாமல், வீட்டில் இருந்த ஒயர் மொத்தத்தையும் வாரிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். மேசை இழுப்பறை, அலமாரி மூலை, எல்லாம். ஹேர் டிரையர்கூட இருந்தது.

கட்டிலில் கொட்டினேன். வட்ட முனை, அகல முனை, என்னென்னவோ. இரண்டு பக்கமும் டைப்-சி இருப்பவற்றை நாத்தனார் பொறுக்கிக் கொடுக்க, நான் செருகினேன். முதல் ஒயர், விளக்கு எரிந்தது, டேப்லெட் கண்டுகொள்ளவில்லை. அவர் முகம் விழுந்தது. "ஐயோ, போர்ட்டு சரியாகலையா?"

"போர்ட் இல்லண்ணி, இது சார்ஜ் ஒயர். கரண்ட் மட்டும் போகுது. அடுத்ததைக் குடுங்க."

இரண்டாவது, உள்ளே அறுந்த ஒயர், விளக்கே இல்லை. மூன்றாவது கொஞ்சம் தடிமனாக இருந்தது. செருகினேன். விளக்கு. ஒரு கணம். திரையில் ஒரு சின்ன வட்டம் முளைத்தது, இவர் கண்ணோடு சேர்ந்து நகர்ந்தது.

பழக்கதோஷத்தில் நான் பிடுங்கிப் புரட்டிச் செருகிப் பார்த்தேன். "வேலை செய்யறதை ஏன் நோண்டற!" என்று நாத்தனார் கத்தினார். புரட்டியும் வேலை செய்தது.

மருத்துவர் வந்து நின்றார். நாங்கள் இருவரும் சுவரோடு ஒட்டி நின்றோம். இவர் எழுதினார். காற்று இயந்திரம் மட்டும் உஸ் உஸ் என்றது. நான் எதிர்பார்த்தது ஆமாம் அல்லது இல்லை. வந்தது கேள்வி.

"கண்ணும் போகுமா?"

மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பெரும்பாலானவங்களுக்கு ரொம்ப நாள் இருக்கும். ஆனா போகாதுன்னு நான் உறுதி சொல்ல முடியாது. சிலருக்குப் போயிருக்கு" என்றார்.

மறுபடி எழுதினார். நீளமாக. நான் திரையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் குரல், கரகரப்போடு, நாங்கள் சாப்பாட்டு மேசையில் அடித்துக்கொண்டதையெல்லாம் கேட்டுக்கொண்டு கிடந்தவரின் குரல்.

"போன மாசம் வேண்டாம்னுதான் நினைச்சேன். இந்த வாரம் பேச முடியாமக் கிடந்தப்பதான் எதுக்குப் பயப்படறேன்னு தெரிஞ்சுது. மிஷினுக்கு இல்ல. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்ற ஆளா ஆகிடறதுக்கு. கண்ணு இருக்கற வரைக்கும் குழாய் இருக்கட்டும். கண்ணு நின்னா குழாயும் நிக்கட்டும். இவங்க ரெண்டு பேரும் அப்ப அழுதாலும்."

மருத்துவர் அதை அப்படியே கோப்பில் எழுதிக்கொண்டார். "அப்படி ஒரு நிலைமை வந்தா மறுபடி உட்கார்ந்து பேசுவோம், ஆனா இதுதான் உங்க வார்த்தைன்னு இருக்கும்" என்றார். எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டினார். "சரி" என்றது டேப்லெட்.

அண்ணி வாயில் துணியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். நான் அழவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். மூன்று நாளாக நானும் அண்ணியும் இழுத்துக்கொண்டிருந்த கயிற்றில், இவர் எந்த முனையிலும் இல்லை. இவர் கேட்க நினைத்த கேள்வியே வேறு.

மருத்துவர் போன பிறகு இன்னொரு வாக்கியம் எழுதினார். "அக்கா, ஹேர் டிரையர் எதுக்கு?"

மார்ச் 13, வெள்ளி

ஆபரேஷன் முடிந்தது. நல்லபடியாக முடிந்தது என்கிறார்கள். நான் இன்னும் பார்க்கவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

பார்த்தேன். கழுத்தில் அந்தக் குழாயைப் பார்க்கத் தைரியம் வராமல் பயந்துகொண்டிருந்தேன். பார்த்ததும் கைதான் முந்தியது. நாடா இறுக்கமாக இருந்தது, நர்ஸைக் கூப்பிட்டேன்.

அண்ணி நாளை ஊருக்குப் போகிறார். பெட்டி கட்டும்போது, "அன்னைக்குச் சொன்னதை மனசுல வச்சுக்காத" என்றார். வைத்துக்கொள்ளவில்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். "கொஞ்ச நாள் வச்சுக்கத்தான் செய்வேன் அண்ணி" என்றேன். அவர் தலையாட்டினார். "அதுவும் சரிதான்." பிறகு இருவருமாக அந்த ஒயர்க் குவியலைப் பிரித்தோம். கரண்ட் மட்டும் போகிறவை ஒரு பக்கம், பேசுகிறவை ஒரு பக்கம். ஒவ்வொன்றையும் அவரே செருகிப் பார்த்துச் சொன்னார்.

ஏப்ரல் 2, வியாழன்

பயிற்சியாளர் வந்து ஸ்டாண்டில் ஒரு கவ்வி வைத்துவிட்டுப் போனார். இனி திருப்பினாலும் இழுபடுவது கவ்விதான், போர்ட் இல்லை. இவ்வளவு சின்னது. முதலிலேயே இருந்திருந்தால்? இந்தக் கேள்வியை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

ஜூன் 9, செவ்வாய்

பல் மருத்துவமனைக்கு மதியம் மட்டும் போக ஆரம்பித்துவிட்டேன். அந்த நேரத்துக்கு ஒரு நர்ஸ் வருகிறார். இவருக்கும் அவருக்கும் வானொலி சத்தத்தைப் பற்றித் தினமும் சண்டை. கேட்க நன்றாக இருக்கிறது.

பிரச்சினை என்னவென்றால், கண்ணால் எழுதுகிறவர் சண்டையில் எப்போதும் பிந்திவிடுகிறார். பதில் தயாராவதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விடும். அதனால் திரையின் மூலையில் தனியாக ஒரு கட்டம் வைத்துக்கொண்டிருக்கிறாராம். ஒரே ஒரு பார்வை போதும், அதில் தயாராக இருக்கும் சொல் உடனே ஒலித்துவிடும். என்ன சொல் என்று எனக்குச் சொல்லவில்லை.

சாயங்காலம் அண்ணி போன் செய்தார். சமையலறையில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். "நல்லா இருக்கார் அண்ணி. நேத்து நல்லாத் தூங்கினார். மிஷின் சத்தமெல்லாம் பழகிடுச்சு அவருக்கு."

படுக்கையறையிலிருந்து உரக்க வந்தது: "பொய்."

அண்ணிக்கும் கேட்டுவிட்டது. "என்னது, அவனா? எது பொய்? தூங்கலையா?"

சொல்ல வாயெடுத்தேன். பிறகு, "இருங்க, அவரையே கேளுங்க" என்று போனைக் கொண்டுபோய் அவர் தலையணை அருகே வைத்துவிட்டு, வெந்நீர் வைக்கப் போனேன்.